பைத்தானில் தேதி, நேரம்: ஒரு பில்லை வைத்து முதல் பாடம்

ஒரு பில்லில் "05/08/2024 07:15 பிஎம்" என்று இருக்கிறது. நமக்கு அது ஆகஸ்ட் 5, மாலை ஏழேகால். பைத்தானுக்கோ அது வெறும் எழுத்துச் சரம். முப்பது நாள் கழித்து என்ன தேதி என்று கேட்டால் அதற்குத் தெரியாது. சரத்தைத் தேதியாக மாற்றுவது பார்ஸிங். தேதியை வேண்டிய வடிவில் மறுபடி எழுத்தாக்குவது ஃபார்மட்டிங். இரண்டையும் இந்த ஒரு பில்லிலேயே பார்த்துவிடலாம். இங்கே தமிழில் தந்திருக்கும் பெயர்களையும் குறிகளையும் நிரலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: டேட்டைம் மாட்யூலிலிருந்து டேட்டைம் கிளாஸை இம்போர்ட் செய்யுங்கள். தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

படி 2: பார்ஸ் செய்ய உதவுவது ஸ்ட்ர்-பி-டைம். பி என்றால் பார்ஸ் என்று நினைவில் வையுங்கள். முதலில் சரம், அடுத்து அதன் அமைப்பு, இரண்டையும் கொடுக்க வேண்டும். அமைப்பைச் சொல்ல % குறியும் ஓர் எழுத்தும் போதும். சிறிய டி நாள், சிறிய எம் மாதம், பெரிய ஒய் நான்கு இலக்க ஆண்டு. பெரிய ஐ 12 மணிக் கணக்கு, பெரிய எச் 24 மணிக் கணக்கு, பெரிய எம் நிமிடம், சிறிய பி ஏஎம் அல்லது பிஎம். சாய்கோடு, இடைவெளி, முக்காற்புள்ளி எல்லாம் சரத்தில் உள்ளபடியே வர வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிக் கொடுத்தால், அமெரிக்கர்கள் எழுதும் முறைப்படி நம் பில் மே 8 ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. அதே நிரல் "25/08/2024" வந்ததும் வேல்யூ எரர் காட்டி நிற்கும், 25-ஆவது மாதம் இல்லையே. ஒரு கடையின் பில் பட்டியலில் எனக்கு இப்படித்தான் ஆனது: 13-ஆம் தேதி முதல் எரர், அதற்கு முந்தைய பில்கள் எல்லாம் சத்தமில்லாமல் வேறு மாதங்களில் போய் உட்கார்ந்திருந்தன. அதனால் சோதிக்கும்போது 12-க்கு மேற்பட்ட நாள் ஒன்றையும் கட்டாயம் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, பெரிய ஐ வர வேண்டிய இடத்தில் பெரிய எச் போட்டால் பிஎம் கணக்கில் வராது. மாலை ஏழேகால் காலை ஏழேகால் ஆகிவிடும். இதற்கும் எரர் வராது.

படி 3: இப்போது கையில் இருப்பது உண்மையான தேதி. கால இடைவெளியைக் குறிக்கும் டைம்டெல்டாவையும் அதே மாட்யூலிலிருந்து இம்போர்ட் செய்து 30 நாள் கூட்டுங்கள், செப்டம்பர் 4 வரும். கணக்கு, ஒப்பீடு எல்லாவற்றையும் இந்த நிலையிலேயே முடித்துவிடுங்கள்.

படி 4: அப்புறம்தான் ஸ்ட்ர்-எஃப்-டைம். எஃப் என்றால் ஃபார்மட். குறிகள் அதேதான். மணிக்குப் பெரிய எச், நிமிடத்துக்குப் பெரிய எம் கொடுத்தால் 19:15. கை தவறிச் சிறிய எம் போட்டால் 19:08, அந்த 08 ஆகஸ்ட் மாதம்! கோப்பில் சேமிக்க நான் எப்போதும் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர முறையில் "2024-08-05" என்றே எழுதுவேன். ஆண்டு முன்னால் வருவதால் சரமாகவே வரிசைப்படுத்தினாலும் காலவரிசை கெடாது.

படி 5: நம் தேதியில் இது எந்த ஊர் நேரம் என்ற தகவல் இல்லை. அதற்குப் பைத்தான் 3.9 முதல் ஸோன்இன்ஃபோ என்ற நேர மண்டல மாட்யூல் உண்டு. ரிப்ளேஸ் மூலம் "ஏஷியா/கொல்கத்தா" மண்டலத்தைச் சேர்த்துவிட்டு, அஸ்டைம்ஸோன் மூலம் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றினால் 13:45 வரும். ரிப்ளேஸை விட்டுவிட்டால், நிரல் ஓடும் கணினியின் மண்டலத்தையே பைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் லேப்டாப்பில் சரியாக வந்த விடை, யுடிசியில் ஓடும் சர்வரில் 19:15 என்றே நிற்கும்.