என்எம்ஐ பொத்தானைக் கட்டளையாக்கும்போது சறுக்கும் இடங்கள்

சில சர்வர்களில் பேனா முனையால் மட்டுமே அழுத்த முடிகிற சிறு பொத்தான் ஒன்று இருக்கும். இயந்திரம் உறைந்துபோனால் அதை அழுத்துவார்கள். செயலியின் வேலையை இடைமறித்துத் தன்னைக் கவனிக்க வைக்கும் சமிக்ஞைதான் குறுக்கீடு; அதில் யாராலும் தள்ளிப்போட முடியாத வகையான என்எம்ஐ செயலியை எட்டும். இயங்குதளத்தை அதற்கேற்ப அமைத்திருந்தால் நினைவகத்தைக் கோப்பில் கொட்டிவிட்டு விழும். மெய்நிகர் இயந்திரத்தில் அழுத்தப் பொத்தான் ஏது? மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் கியூஎமுவிலும் அவற்றை நிர்வகிக்கும் விர்ஷிலும் கட்டளைதான் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு வரிக் கட்டளைதானே என்று எழுத உட்காருகிறவர்கள்தான் தடுக்கி விழுகிறார்கள்.

பெரிய தவறு, குறுக்குவழியில் செயலிக்குள் நுழைவது. லினக்ஸ் கெர்னலின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் என்எம்ஐ அனுப்பத் தனி அழைப்பு இருக்கிறது. எல்லாச் செயலிகளுக்கும் அதை அழைத்துவிட்டால் வேலை முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி செயலிகளின் குடும்பம்) வன்பொருளில் பொத்தானின் சமிக்ஞை, ஒவ்வொரு செயலியின் குறுக்கீடுகளையும் கட்டுப்படுத்தும் லோக்கல் ஏபிக்கின் லின்ட்1 முனை வழியாக வருகிறது. லினக்ஸ் வழக்கமாக முதல் செயலியில் மட்டும் அந்த முனையைத் திறந்து வைக்கும், மற்றவற்றில் மூடிவிடும். கட்டளை இதைப் பார்க்காவிட்டால், மூடிய கதவுகளின் வழியாகவும் என்எம்ஐ புகுந்துவிடும். பிறகு நிஜ இயந்திரத்தில் வரவே வராத ஒரு பிழையை வாரக்கணக்கில் துரத்த வேண்டியதுதான். கியூஎமுவும் முதலில் இப்படித்தான் நேராக அனுப்பியது. லின்ட்1 அமைப்பைப் பார்க்கும்படி பின்னர் திருத்தினார்கள்.

அடுத்தது, எந்த எண்ணைக் கொடுத்தாலும் அந்தக் குறுக்கீட்டை ஏவுகிற தாராளமான கட்டளை. எக்ஸ்86-இல் 0 முதல் 31 வரையிலான எண்கள், செயலி தானே எழுப்பும் நிகழ்வுகளான விதிவிலக்குகளுக்கும் என்எம்ஐக்கும் ஒதுக்கப்பட்டவை. 14-ஐ வெறும் குறுக்கீடாக ஏவினால் என்ன ஆகும்? அது பேஜ் ஃபால்ட், அதாவது நினைவக அணுகல் தடைபடும்போது எழும் விதிவிலக்கு. அதைக் கையாளும் நிரல், ஸ்டாக்கின் (செயலி தற்காலிக விவரங்களை அடுக்கிவைக்கும் நினைவகப் பகுதி) உச்சியில் ஒரு பிழைக் குறியீடு இருக்கும் என்று நம்பி வருகிறது. சாதாரணக் குறுக்கீடு அதை வைப்பதில்லை. 64-பிட் முறையில் எல்லாம் 8 பைட் இடம்பெயர, திரும்பிப் போக வேண்டிய முகவரியே பிழைக் குறியீடாக வாசிக்கப்படும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் சிதறும். குற்றம் கெர்னலுடையதல்ல.

விரிவாக்க அட்டைகளை இணைக்கும் பழைய பிசிஐயின் குறுக்கீட்டுக் கம்பியை உயர்த்தும் கட்டளை எழுதினால், இறக்கும் வழியையும் சேர்த்தே எழுதுங்கள். உயர்ந்தே நிற்கும் கம்பி குறுக்கீட்டை ஓயாமல் எழுப்பும். 1,00,000 குறுக்கீடுகளில் 99,900-க்கு மேல் யாரும் பொறுப்பேற்காவிட்டால் லினக்ஸ் அந்தக் கம்பியையே துண்டித்துவிடும்.

கட்டளையின் பெயரும் வாதங்களும் எக்ஸ்86-ஐ மட்டும் மனத்தில் வைத்து அமைந்தால் பின்னால் வருத்தம்தான். ஐபிஎம் மெயின்ஃபிரேமான எஸ்390-இல் இதே கட்டளை ரீஸ்டார்ட் குறுக்கீடாகிறது. ஐபிஎம்மின் பவர் சர்வர்களான பிசீரிஸில் சிஸ்டம் ரீசெட்.

கடைசியாக, ‘சரி’ என்ற பதில். இதில் நானே மாட்டிக்கொண்டேன். உறைந்த விருந்தினர் இயந்திரத்துக்கு, அதாவது மெய்நிகர் இயந்திரத்துக்கு, நான்கு முறை என்எம்ஐ அனுப்பினேன். நான்கு முறையும் வெற்றி என்றே பதில் வந்தது. நினைவகத்தைக் கொட்டும் டம்ப் கோப்பு மட்டும் வரவில்லை. காரணம் தெரியாத என்எம்ஐ வந்தால் விழச் சொல்லும் அமைப்பு லினக்ஸில் இயல்பாக 0; அதை 1 ஆக்க மறந்திருந்தேன். குழம்பிவிட்டேன், ஆனாலும் தொடர முயல்கிறேன் என்ற பொருளில் கெர்னல் நான்கு முறை எழுதிவைத்திருந்தது, நான் திறந்தே பார்க்காத கன்சோலில். அனுப்பியது வேறு, விருந்தினர் அதைக் கையாண்டது வேறு. எந்தச் செயலிக்குப் போனது, எங்கே லின்ட்1 மூடியிருந்தது என்று கட்டளை சொல்லலாம். எல்லாமே மூடியிருந்தால் ‘சரி’ என்னாமல் பிழை என்றே சொல்ல வேண்டும்.