விதை வெங்காயத்தை வீட்டிலேயே காப்பாற்றுங்கள்

2016-ஆம் ஆண்டு, பெரம்பலூர்ப் பக்கம் இருக்கும் என் பெரியம்மா ஒரு கிலோ சின்ன வெங்காயத்தைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நடுவதற்கென்று நான் வெங்காயம் வாங்கியதே இல்லை. கொல்லையில் இப்போது நிற்பதும் அந்த ஒரு கிலோவின் வாரிசுதான்.

சின்ன வெங்காயத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குருத்துகள் இருக்கின்றன. குறுக்கே வெட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். நட்டதும் ஒவ்வொரு குருத்தும் தனித்தனியே தாள் விட்டுத் தனி வெங்காயமாகத் திரள்கிறது. ஒன்றை நட்டால் ஐந்தாறு கொண்ட கொத்தாகக் கிடைப்பது இதனால்தான். குளிர்நாடுகளில் இப்படிப் பெருகும் சில வெங்காய வகைகளைப் பிடுங்காமல் மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். நம் ஊரில் அப்படி விட்டால் ஐப்பசி மழையில் அழுகிவிடும். பிடுங்கி, காயவைத்து, உறங்கவிட்டு, மறுபடியும் நடுவதுதான் நமக்கு வழி.

அந்த உறக்கம் மிக முக்கியம். ஒரு முறை பக்கத்து வீட்டுக்காக, புதிதாகப் பிடுங்கிய வெங்காயத்தைச் சந்தையில் வாங்கி அன்றைக்கே நட்டோம். பாதி முளைக்கவில்லை, முளைத்ததும் ஒன்று முழ உயரம், ஒன்று விரல் உயரம் என்று நின்றது. அறுவடைக்குப் பிறகு குறைந்தது இரண்டு மாதம் காற்றாட இருந்த வெங்காயத்தையே நடுங்கள். கழுத்து இறுகி, தோல் சலசலக்க வேண்டும். அளவு நடுத்தரமாக இருக்கட்டும். பொடியை நட்டால் கொத்து சிறுக்கிறது.

என் பாத்தி 12 அடி நீளம், 4 அடி அகலம். நன்றாக மக்கிய சாண எருவை இரண்டு கூடை போட்டுக் கொத்திவிடுவேன். பச்சைச் சாணம் கூடவே கூடாது, அழுகலைக் கூப்பிட்டு வைத்ததுபோல் ஆகும். ஒன்றரை அடிக்கு ஒரு பார், அதாவது மண்ணை அணைத்து உயர்த்திய வரப்பு, பிடித்து, அதன் இருபுறமும் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுவேன். வேர்ப்பக்கம் கீழே, நுனி மண்மட்டத்துக்குச் சரியாக. ஆழமாகப் புதைக்க வேண்டாம். இந்த அளவுக்குச் சுமார் 200 வெங்காயம், எடையில் ஒரு கிலோ பிடிக்கும்.

பட்டம் இரண்டு: வைகாசியில் நட்டு ஆடியில் எடுப்பது, ஐப்பசிக் கடைசியில் மழை இடைவெளி பார்த்து நட்டுத் தையில் எடுப்பது. மழைப் பட்டத்தில் பாரைக் கூடுதலாக உயர்த்துங்கள். தண்ணீர் ஒரு நாள் தேங்கினாலும் அடி அழுகும்.

நட்ட அன்று தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை. களையை இருபதாம் நாளும் முப்பத்தைந்தாம் நாளும் கையால் எடுக்கிறேன். வேர் மேலாக ஓடுவதால் களைக்கொத்தை நான் கிட்டே கொண்டுபோவதில்லை. தாளில் வெள்ளி நிறக் கீற்றுகள் தெரிந்தால் இலைப்பேன் வந்துவிட்டது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் குருத்துக்குள் படும்படி தெளிப்பேன். தாள் முறுக்கிக்கொண்டு சுருண்டால் அது திருகல் நோய். அந்தக் கொத்தைத் தயங்காமல் பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே போட்டுவிடுங்கள். அதிலிருந்து விதைக்கு ஒன்றுகூட எடுக்காதீர்கள்.

தாளுக்கு ஆசைப்படாதவர் யார்? முட்டையோடு வதக்கினால் வேறு குழம்பே வேண்டாம். ஆனால் எல்லாக் கொத்திலும் தாளைக் கிள்ளினால் வெங்காயம் பருக்காது. தாள்தான் அதற்குச் சோறு. எட்டுப் பாரில் இரண்டைத் தாளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். அடியில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் திரும்பவும் துளிர்க்கும். மற்ற ஆறு பாரிலும் வீட்டில் யாரும் கைவைக்கக் கூடாது.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் பூத்து விதை பிடிக்கும், நாற்றுவிட்டு நடலாம். பெரிய நிலத்துக்குச் செலவு குறையும். வீட்டுத் தோட்டத்துக்கு வெங்காயத்தை நடுவதே எளிது.

அறுபத்தைந்து, எழுபது நாளில் தாள் பழுத்துச் சாயத் தொடங்கும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். நான்கில் மூன்று பங்கு சாய்ந்ததும், வெயில் அடிக்கும் காலை ஒன்றில் கொத்தோடு பிடுங்கி நிழலில் பரப்புவேன். ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசை வெங்காயத்தை மூடியிருக்க வேண்டும். நான்கு நாள் அப்படிக் கிடந்தால் கழுத்து இறுகும். சமையலுக்கானதை இரண்டு சென்டிமீட்டர் காம்பு விட்டு நறுக்கி மூங்கில் கூடையில் வைப்பேன். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பத்தே நாளில் நாறும்.

எனக்கு ஆறு கிலோ கிடைக்கிறது. முதலில் எடுத்து வைப்பது விதைக்கு ஒன்றரைக் கிலோ. காய்ந்து சுருங்கிக் கழித்தது போக ஒரு கிலோ தேறும். நோயில்லாத, அதிகம் பிரிந்த கொத்துகளாகப் பொறுக்கி, தாளை நறுக்காமல் பின்னித் திண்ணை உத்தரத்தில் தொங்கவிடுகிறேன். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றின் கழுத்தையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். மெத்தென்று இருந்தால் அன்றைய சாம்பாருக்கு. புரட்டாசி முடியும்போது ஒன்றிரண்டில் பச்சை முளை எட்டிப் பார்க்கும். அன்றைக்கே மண்வெட்டியோடு பாத்திக்குப் போய்விடுவேன்.