மலாயா அவசரகால போலீஸ் ஆயுதம் பத்தி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலாயாவுல (இன்னைக்கு மலேசியாவோட ஒரு பகுதி) பிரிட்டிஷ் அரசாங்கமும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களும் 1948லேர்ந்து 1960 வரைக்கும் சண்ட போட்ட காலத்ததான் மலாயா அவசரகாலம்னு சொல்வாங்க. இத பத்தி எழுதுறவங்க நிறைய பேரு 1952க்கு அப்புறம் எடுத்த போட்டோவ பாத்துட்டு, ஆரம்பத்துலேர்ந்தே போலீஸ்கிட்ட கவச வண்டி, வயர்லெஸ்னு எல்லாமே இருந்த மாதிரி எழுதிடறாங்க, முதல் தவறே இதுதான். 1948 ஜூன்ல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல மூணு தோட்டத்து துரைங்கள கெரில்லாக்கள் சுட்டுக் கொன்னப்போ மொத்த போலீஸே சுமார் 10,000 பேருதான். அப்புறம் அவசர அவசரமா ஸ்பெஷல் கான்ஸ்டபிள்னு பத்தாயிரக்கணக்குல ஆள் எடுத்தாங்க, பெரும்பாலும் மலாய் பசங்க, சரியா பயிற்சிகூட இல்லாம கையில ரைபிள குடுத்து தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் காவலுக்கு அனுப்பிட்டாங்க.

ரெண்டாவது, எத்தன துப்பாக்கி இருந்துச்சுனு மட்டும் எண்ணாதீங்க. 1950 பிப்ரவரி 23, விடியறதுக்கு முன்னாடி ஜொகூர்ல மூவார் ஆத்தங்கரையில இருந்த புக்கிட் கெப்போங் போலீஸ் ஸ்டேஷன கெரில்லாக்கள் சுத்தி வளைச்சாங்க. உள்ள இருந்த போலீஸ்காரங்க கையில துப்பாக்கி இருந்துச்சு, கடைசி வரைக்கும் சுட்டாங்க. ஆனா அது மரக் கட்டடம், தீ வெச்சிட்டாங்க, உதவி நேரத்துக்கு வந்து சேரல. போலீஸ்காரங்க குடும்பத்து பொம்பளைங்க, புள்ளைங்ககூட அதுல செத்துப்போனாங்க. இத படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

போலீஸ் கமிஷனர் கிரே பாலஸ்தீனத்துலேர்ந்து வந்தவரு. வண்டிக்கு கவசம் போட்டா ஆளுங்க கீழ எறங்கி சண்ட போடாம உள்ளயே உக்காந்துடுவாங்கனு அவரு நெனச்சாரு. கவசம் போடாதத வெறும் கஞ்சத்தனம்னு எழுதுறது தப்பு, அது ஒரு கொள்கை முடிவு, ஆனா தப்பான முடிவுங்கிறது என் கருத்து. 1951 அக்டோபர் 6ல ஃப்ரேசர்ஸ் ஹில் போற ரோட்டுல மலாயாவுல பிரிட்டிஷ் அரசாங்கத்தோட தலைமை அதிகாரியான ஹைகமிஷனர் கர்னியே கெரில்லாக்கள் பதுங்கித் தாக்குனதுல செத்தாரு, அவரோட ரோல்ஸ் ராய்ஸுக்கு கவசம் கெடையாது, கூட வந்த வயர்லெஸ் வேன் பாதியிலயே ரிப்பேராகி நின்னுபோச்சு. 1952ல புது ஹைகமிஷனர் டெம்ப்ளரும் புது போலீஸ் கமிஷனர் ஆர்தர் யங்கும் வந்த பிறகுதான் கவச வண்டி, முறையான பயிற்சி எல்லாம் வேகமெடுத்துச்சு.

கெரில்லாக்களுக்கு துப்பாக்கி எல்லாம் சீனாவுலேர்ந்து கப்பல்ல வந்துச்சுனு எழுதுறதும் தப்பு. ரெண்டாம் உலகப் போர்ல கம்யூனிஸ்ட்டுங்க நடத்துன படை ஜப்பான எதிர்த்து சண்ட போடுறதுக்கு பிரிட்டிஷ்காரங்களே விமானத்துலேர்ந்து போட்டதுல நெறைய அவங்ககிட்ட இருந்துச்சு. 1945 டிசம்பர்ல அந்த படைய கலைச்சப்போ ஒரு பங்க ஒப்படைச்சிட்டு மிச்சத்த காட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிட்டாங்க.

கடைசியா நம்மாளுங்க அடிக்கடி விட்டுடற விஷயம். ஒரு பக்கம் அரசாங்கம் ஆயிரக்கணக்குல ரைபிள் குடுத்துட்டு இருந்த அதே மாசங்கள்ல, லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருந்தா தூக்குனு சட்டம் இருந்துச்சு. மலாயா தொழிற்சங்கத் தலைவர் கணபதிய 1949 மே 4ல கோலாலம்பூர் புடு ஜெயில்ல தூக்குல போட்டது அந்த சட்டத்துலதான், அவர்கிட்ட ஒரு கைத்துப்பாக்கி இருந்துச்சுங்கிறதுதான் குற்றச்சாட்டு.