லெமன் பீல் ஸ்டிட்ச்ல முதல் குரோஷே போர்வை

முதல் தடவையா குரோஷேல, அதாவது கொக்கி ஊசியால நூல் பின்னி, போர்வை போடப்போறவங்க நெறைய பேரு யூடியூப்ல பாத்துட்டு நேரா பாப்கார்ன் ஸ்டிட்ச், கேபிள்னு பெருசா இறங்கிடுறாங்க, பத்து வரிசை போறதுக்குள்ள ஓரம் கோணிக்கிட்டு, அப்புறம் அது ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள போயி அலமாரியில ஒக்காந்துக்கும். மேடும் பள்ளமுமா, தடவிப் பாத்தா புள்ளி புள்ளியா இருக்குற போர்வைக்கு ரெண்டே ஸ்டிட்ச் போதுங்க. சிங்கிள் குரோஷே ஒண்ணு, டபுள் குரோஷே ஒண்ணு, மாத்தி மாத்தி. லெமன் பீல்னு சொல்வாங்க, சில பேரு கிரிடில் ஸ்டிட்ச்னும் சொல்வாங்க. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், பெரிய ஓட்டை விழாது. டெக்ஸ்சர் தானா வந்துடும், நம்ம கண்ணு இருக்க வேண்டியது ரெண்டு ஓரத்துல.

நூலு, ஊசி

கோலாலம்பூர் வெயில்ல எதுக்கு போர்வைன்னு கேக்குற மாமாங்கள ராத்திரி பினாங்கு எக்ஸ்பிரஸ் பஸ்ல ஒரு தடவ ஏத்தி விடணும், ஏர்கோன் காத்து நேரா மண்டையில அடிக்கும்போது தெரியும். ஆனா ஒண்ணு, நம்ம ஊருக்கு கம்பளி நூல் வேணாம். முழு அக்ரிலிக் விலை கம்மி, துவைக்க ஈஸி, லேசா இருக்கும், ஆனா ஏர்கோன் ஆஃப் ஆன அடுத்த நிமிஷம் வேர்க்கும். காட்டன் தான் என் சாய்ஸ். ஷாப்பீ ஆன்லைன் கடையில மில்க் காட்டன்னு அம்பது கிராம் உருண்டை எல்லாக் கலர்லயும் கெடைக்கும், பேருல காட்டன் இருந்தாலும் நெறைய பிராண்டுல அக்ரிலிக் கலந்திருக்கும், அதனால லேபிள படிச்சிட்டு வாங்குங்க. கலந்திருந்தா தப்பில்ல, என்னன்னு தெரிஞ்சு வாங்கணும், அவ்ளோதான்.

அந்த மில்க் காட்டன் 5 பிளை, அதாவது அஞ்சு இழை முறுக்குன நூலு, போர்வைக்கு மெலிசு. ஒத்தை நூல்ல 3 எம்எம் ஊசி வச்சு போட்டா தீபாவளிக்கு ஆரம்பிச்சது அடுத்த தீபாவளிக்கும் முடியாது. ரெண்டு உருண்டையிலருந்து ரெண்டு நூல சேத்துப் புடிச்சு 5 எம்எம் ஊசியில போடுங்க, கனமாவும் வரும், வேகமாவும் வரும். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சாம்பல்னு சேத்தா கலர் கலங்குனாப்ல ரொம்ப அழகா இருக்கும், ஸ்டிட்ச் கொஞ்சம் கோணினாலும் வெளிய தெரியாது. கறுப்பு, கருநீலம் முதல் போர்வைக்கு வேண்டவே வேண்டாம், ராத்திரி லைட்டுல ஸ்டிட்ச் எங்க இருக்குன்னே கண்ணுக்குத் தெரியாது. ஊசி ரப்பர் புடி வச்சதா பாருங்க, க்ளோவர், தூலிப் மாதிரி ஜப்பான் ஊசி கொஞ்சம் வெலை தான், ஆனா மணிக்கட்டு உங்களுக்கு நன்றி சொல்லும். இன்னும் வேண்டியது கத்திரிக்கோல், அளவு டேப், கண்ணு பெருசா இருக்குற தடி ஊசி ஒண்ணு, நாலஞ்சு சேஃப்டி பின்.

சாம்பிள் துண்டு போடாம ஆரம்பிக்காதீங்க

தெரியும், யாருக்கும் புடிக்காது. ஆனா எத்தன செயின், எத்தன உருண்டைங்கிற ரெண்டு கேள்விக்கும் பதில் இதுல தான் இருக்கு. 21 செயின் போட்டு (ஊசியில ஒரு முடிச்சு லூப் போட்டு, அது வழியா நூல இழுத்து இழுத்து வர்ற சங்கிலி தான் செயின்), கீழ சொல்ற மாதிரி சதுரமா வர்ற வரைக்கும் போடுங்க. அத துவைச்சு காயவச்சிட்டு அளங்க, காட்டன் தண்ணியில பட்டா அளவு மாறும். 20 ஸ்டிட்ச் 15 சென்டிமீட்டர் வந்துச்சுன்னு வைங்க. 75 சென்டிமீட்டர் அகலம் வேணும்னா அதுக்கு 5 மடங்கு, 100 ஸ்டிட்ச். எண்ணிக்கை எப்பவும் ரெட்டைப்படையா வரணும், அது முக்கியம். இப்ப அந்தத் துண்ட சமையல் தராசுல வைங்க. 15க்கு 15 துண்டு 20 கிராம்னா, 75க்கு 90 போர்வை அந்தத் துண்டு மாதிரி 30 துண்டு, ஆக 600 கிராம், அதாவது 12 உருண்டை. ஓரத்துக்கும் சேத்து ரெண்டு கூட வாங்குங்க, எல்லாத்தையும் ஒரே நேரத்துல வாங்குங்க, லேபிள்ல டை லாட் நம்பர் (ஒரே தடவையில சாயம் போட்ட நூலுக்குக் குடுக்குற நம்பர்) ஒண்ணா இருக்கான்னு பாருங்க, அடுத்த மாசம் வாங்குனா அதே கலர் நம்பர்லயே ஒரு சாயல் மாறி வரும்.

ரெண்டு ஸ்டிட்ச்

சிங்கிளுக்கு ஊசிய ஸ்டிட்ச்சுக்குள்ள விட்டு நூல இழுங்க, ஊசியில ரெண்டு லூப் இருக்கும், மறுபடி நூலு சுத்தி ரெண்டு வழியாவும் சேத்து இழுங்க. டபுளுக்கு உள்ள விடுறதுக்கு முன்னாடியே நூல ஊசி மேல ஒரு சுத்து சுத்திக்கணும், உள்ள விட்டு இழுத்தா மூணு லூப், நூலு சுத்தி ரெண்டு லூப் வழியா இழு, திரும்ப சுத்தி மிச்சம் ரெண்டு வழியா இழு, முடிஞ்சுது. இதெல்லாம் அமெரிக்கன் பேரு. இங்கிலாந்து பேட்டர்ன்ல இதே சிங்கிள டபுள்னும், டபுள ட்ரெபிள்னும் போட்டிருப்பான், வேற வீடியோ பாக்கும்போது ஜாக்கிரத.

ஆரம்பிக்கலாம்

100 ஸ்டிட்ச் வேணும்னா 101 செயின். செயினுக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசி, 5.5 இல்ல 6 எடுங்க, ஏன்னா புதுசா போடுறவங்க எல்லாரும் செயின இறுக்கிடுவாங்க, அப்புறம் போர்வை கீழ குறுகி மேல விரிஞ்சு விசிறியாட்டம் நிக்கும். 20க்கு ஒரு பின் குத்திக்கிட்டா யாராவது கூப்புட்டாலும் எண்ணிக்கை போகாது. சந்தேகமா இருந்தா நாலஞ்சு செயின் கூடவே போட்டுக்குங்க, மிஞ்சினத ஆரம்ப முடிச்சு பக்கத்துலருந்து பிரிச்சு எடுத்துடலாம்.

இப்ப 5 எம்எம் ஊசி. ஊசியிலருந்து ரெண்டாவது செயின்ல ஒரு சிங்கிள், அடுத்த செயின்ல ஒரு டபுள், அடுத்ததுல சிங்கிள், டபுள்னு கடைசி வரைக்கும். கடைசியா விழுறது டபுளா இருக்கணும்.

ரெண்டாவது வரிசையிலருந்து எல்லாமே ஒரே வேலை. ஒரு செயின் போட்டு திருப்புங்க, அந்தச் செயின ஸ்டிட்ச்னு எண்ணாதீங்க. கீழ முதல்ல நிக்கிறது டபுள், அது மேல சிங்கிள் போடுங்க. அடுத்து கீழ நிக்கிறது சிங்கிள், அது மேல டபுள். நெட்டை மேல குட்டை, குட்டை மேல நெட்டை. இந்த ஒரு வரி மனசுல நின்னா டிவி பாத்துக்கிட்டே போடலாம், எல்ஆர்டி ரயில்ல ஒக்காந்தும் போடலாம்.

வழுக்குற எடம் வரிசையோட முதல் ஸ்டிட்ச்சும் கடைசி ஸ்டிட்ச்சும். திருப்புனதும் முதல் டபுள் செயினுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், அத விட்டுட்டு ரெண்டாவதுல குத்திடுவோம், கடைசி சிங்கிளும் அப்படித்தான், சின்னதா சுருண்டுக்கிட்டு இருக்கிறதால வரிசை முடிஞ்சிடுச்சுன்னு நெனைச்சுக்குவோம். அதனால ஒவ்வொரு வரிசையிலயும் முதல் ஸ்டிட்ச் போட்ட ஒடனே அதுல ஒரு பின், கடைசி ஸ்டிட்ச்லயும் ஒரு பின், திரும்பி வரும்போது பின் இருக்குற எடத்துல கண்டிப்பா ஒரு ஸ்டிட்ச் விழணும். வரிசை டபுள்ல முடியலன்னா எங்கயோ ஒண்ணு போச்சு, இல்ல ஒண்ணு கூடிப்போச்சு. ஆனா ரெண்டு போச்சுன்னா இந்தச் சோதனை காட்டாது, வரிசை அழகா டபுள்லயே முடிஞ்சு நம்மள ஏமாத்திடும், அதுக்காக பத்து வரிசைக்கு ஒரு தடவ உக்காந்து நூறையும் எண்ணிடுங்க. தப்பு தெரிஞ்சா அங்கயே பிரிங்க. பரவால்ல, மேல போயி சரி பண்ணிக்கலாம்னு விட்டா அந்த எடம் தான் வர்ற சொந்தக்காரங்க கண்ணுல முதல்ல படும்.

புது உருண்டை சேக்கணும்னா வரிசை முடிவுல, கடைசி டபுளோட கடைசி இழுப்புக்கு புது நூல இழுங்க. வால் ஒரு சாண் விடுங்க. முடிச்சு மட்டும் போட்டு நறுக்கிடாதீங்க, காட்டன் வழுவழுன்னு இருக்கும், துவைச்சா முடிச்சு அவுந்து எட்டிப் பாக்கும். தடி ஊசியில கோத்து ஒரு பக்கம் ஓட்டி, திரும்பி வந்து, மறுபடி ஒரு தடவ ஓட்டுங்க, ரெட்ட நூலா இருக்கிறதால ஒண்ண இந்தப் பக்கம், ஒண்ண அந்தப் பக்கம்.

90 சென்டிமீட்டர் வந்ததும் நூல அறுக்காம அப்படியே சுத்தி ஒரு ரவுண்டு சிங்கிள். மேலயும் கீழயும் ஒரு ஸ்டிட்ச்சுக்கு ஒண்ணு, பக்கவாட்டுல சிங்கிள் ஓரத்துக்கு ஒண்ணு, டபுள் ஓரத்துக்கு ரெண்டு, நாலு மூலையிலயும் ஒரே எடத்துல மூணு. ஓரம் அலை அலையா சுருங்குனா பக்கவாட்டுல கொஞ்சம் கொறைங்க, இழுத்துக்கிட்டு வளைஞ்சா கொஞ்சம் கூட்டுங்க.

பாப்பாவுக்குன்னு போடுறவங்களுக்கு ஒரு விஷயம், ஒரு வயசு ஆகுற வரைக்கும் தூங்குற எடத்துல லூசான போர்வை எதுவும் வைக்கக்கூடாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க, அதனால பக்கத்துல ஆளு இருக்கும்போது ஸ்ட்ரோலர்ல, மடியில மட்டும். துவைக்கிறப்ப வலைப்பையில போட்டு பச்சத்தண்ணியில துவைங்க. ஹேங்கர்ல தொங்க விட்டா ஈரத்தோட கனத்துல நீண்டுடும், துணி ராக் மேல விரிச்சுப் போட்டு, சாயங்கால மழை நேரத்துல ஃபேன தட்டி விட்டு ரெண்டு பக்கமும் திருப்பிக் காயவைங்க.