சீன அரிசி கேக் வாணலியில் ஒட்டுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷாங்காய், நிங்போ வீடுகளில் காய்கறியோடு வதக்கும் நியென்காவ் என்ற அரிசி கேக், பார்வைக்கு எளிய சமையல்தான். ஆனால் முதல் முறை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் வில்லைகள் அடிப்பிடிக்கும். இல்லையென்றால் வெளியே குழைந்து நடுவில் விறைப்பாக நிற்கும். நூடுல்ஸ் போல நினைத்து எண்ணெயிலும் பெருந்தீயிலும் வதக்கியே வேகவைக்கப் பார்ப்பதால் வரும் வினை இது. அரிசி கேக் வேகத் தண்ணீரும் ஆவியும் வேண்டும். வதக்குவது கடைசி இரண்டு நிமிட வேலை.

தவறு கடையிலேயே தொடங்கலாம். சீனப் புத்தாண்டுக்குக் குவாங்டாங் பக்கம் செய்யும் இனிப்பு நியென்காவும் அதே பெயரில்தான் கிடைக்கும். அது பசையரிசி மாவும் சர்க்கரையும் சேர்ந்தது. இந்தச் சமையலில் போட்டால் இளகிக் கூழாகிவிடும். நமக்கு வேண்டியது நீள்வட்டமாக நறுக்கிய வெள்ளை வில்லைகள். பாக்கெட்டின் பின்பக்கம் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். கொரியர்கள் சூப்பில் போடும் அரிசி கேக் வில்லையும் நன்றாகப் பொருந்தும்.

அடுத்தது ஊறவைத்தல். நீராவியில் வேகவைத்த அரிசி மாவை இடித்து அழுத்திச் செய்வதுதான் நியென்காவ். ஆறியதும் அதன் மாவுச்சத்து, ஃபிரிட்ஜில் வைத்த சாதம் போல விறைத்துவிடும். காய்ந்த வில்லைகளைக் குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட வேண்டும். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் ஓரம் குழையும், நடு அசையாது. உறைந்த வில்லைகளுக்கு அரை மணி நேரம் போதும். வெற்றிட பாக்கெட்டில் வருபவற்றை ஒவ்வொன்றாகக் கையால் பிரித்து, கழுவி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிரிக்காமல் கட்டியாகப் போட்டால் வாணலியில் கரண்டியால் குத்தித்தான் பிரிக்க வேண்டிவரும், பாதி உடைந்துபோகும்.

இருவருக்கு 400 கிராம் வில்லை, 300 கிராம் சீன முட்டைக்கோஸ், ஊறவைத்த 5 ஷிட்டாகே காளான், ஒரு கேரட், 3 பூண்டுப் பல், 3 வெங்காயத்தாள் என்று எடுத்துக்கொள்ளலாம். முட்டைக்கோஸின் தண்டையும் இலையையும் தனித்தனியே நறுக்குங்கள். சேர்த்துப் போட்டால் தண்டு வேகும்முன் இலை துவண்டுவிடும். காளான் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அடியில் மண்டி நிற்கும். மேலாக 120 மில்லி வடித்து வைத்தால் போதும்.

வாணலி நன்றாகக் காய்ந்ததும் இரண்டரை மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, பூண்டு, காளான், கேரட், தண்டு என்ற வரிசையில் இரண்டு மூன்று நிமிடம் வதக்குங்கள். பிறகு இலை, ஒரு மேசைக்கரண்டி ஷாவ்சிங் ஒயின் (சமையலில் சேர்க்கும் சீன அரிசி ஒயின்). இப்போதுதான் முக்கியமான இடம்: வில்லைகளை நீர் வடித்து, காய்கறி மெத்தையின் மேல் பரப்புங்கள், அடி இரும்பில் படக்கூடாது. காளான் தண்ணீரைச் சுற்றி ஊற்றி மூடி, மிதமான தீயில் மூன்று நிமிடம் விடுங்கள். ஒரு வில்லையை எடுத்து வளைத்துப் பாருங்கள். விரிசல் விடாமல் மடங்கி, கடித்தால் நடுவில் மாவுபோல் உதிராமல் இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து மீண்டும் மூடுங்கள். தீயைக் கூட்டினால் வேகாது, கருகும்.

சோயா சாஸை முதலிலேயே ஊற்றுவது பலரும் செய்யும் பிழை. அடியில் தங்கித் தீய்ந்து கசக்கும். மூடியைத் திறந்தபின் ஒன்றரை மேசைக்கரண்டி லைட் சோயா, நிறத்துக்கு ஒரு தேக்கரண்டி டார்க் சோயா, ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்து, தீயைக் கூட்டி, அடியிலிருந்து அள்ளிப் புரட்டுங்கள். சாறு வில்லைகளில் பளபளப்பாகப் படிந்ததும் வெங்காயத்தாள், வெள்ளை மிளகுத்தூள் தூவி இறக்குங்கள். முழுக்க வற்றவிட்டால் தட்டுக்கு வருவதற்குள் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் விடும் அரைத் தேக்கரண்டி எள் எண்ணெய், வறுத்த எள்ளில் எடுத்ததாக இருக்க வேண்டும். நம் நல்லெண்ணெயில் அந்த மணம் வராது.

ஆறினால் விறைக்கும் என்பதால் சுடச்சுடச் சாப்பிடுங்கள். மிஞ்சியதை இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டு மூடிச் சூடாக்கலாம். சமைக்காத, ஊறிய வில்லைகளை வெறுமனே ஃபிரிட்ஜில் வைத்தால் காய்ந்து வெடிக்கும். நிங்போவில் வழக்கமாகச் செய்வதுபோல் தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.