தொட்டி நிரம்பியும் நிற்காத மோட்டார்

மூன்று நாளை விழுங்கிய கோளாறு இது. தொட்டி நிரம்பி ஃப்ளோட் சுவிட்ச் (நீர்மட்டத்தை அறியும் மிதவை சுவிட்ச்) திறந்தாலும் பேனலில் ரிலே (மோட்டாரை ஓட வைக்கும் மின்காந்த சுவிட்ச்) விடாது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். எம்சிபியை (மின்பாதுகாப்பு சுவிட்சை) இறக்கினால்தான் நிற்கும்.

முதலில் ஃப்ளோட் சுவிட்சை மாற்றினேன், அப்புறம் ரிலேயை. பலனில்லை. கேபிளில் ஈரமோ என்று மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்தேன், இன்சுலேஷன் நன்றாகவே இருந்தது.

தொட்டிப் பக்கம் இரண்டு ஒயரையும் கழற்றிய பிறகும் ரிலே பிடித்தே இருந்தது! பேனல் பக்கம் கழற்றினால் உடனே விட்டது. மல்டிமீட்டரில் அந்த ஒயர் 110 வோல்ட் காட்டியது. சோதனை பல்பை இணைத்ததும் பூஜ்யம், அதாவது பலமில்லாத வோல்டேஜ். சுமார் 300 மீட்டர் கேபிளில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரு ஒயர்களே கெப்பாசிட்டர் போல வேலை செய்கின்றன. 230 வோல்ட் ஏசியில் அதன் வழியே கசியும் சில மில்லி ஆம்பியர், சின்ன ரிலேயைப் பிடித்து வைக்கப் போதும். விட்ட ரிலேயைப் புதிதாக இழுக்கப் போதாது, அதனால்தான் மோட்டார் தானாக ஓடவில்லை.

மெயினை இறக்கிப் பூட்டி, மின்சாரம் இல்லையென்று சோதித்த பிறகு, கன்ட்ரோல் சர்க்யூட்டை 24 வோல்ட் டிசிக்கு மாற்றினேன்; டிசி இப்படி ஒயருக்கு ஒயர் கசிந்துகொண்டிருக்காது. ரிலேயும் 24 வோல்ட் டிசி காயில். இப்போது ஃப்ளோட் திறந்த நொடியே விடுகிறது. தண்ணீர்த் தொட்டிக்கு 230 வோல்ட் போகாதது பெரிய நிம்மதி.