கொறங்காட்டில் டிஸ்க் கோல்ஃப்: வெட்டவெளியில் எறியப் பழகுவது எப்படி?

ஃபிரிஸ்பீ போன்ற தட்டை எறிய வேண்டும், விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும், முடிந்தவரை குறைந்த எறிகளில் இலக்கை அடைய வேண்டும். டிஸ்க் கோல்ஃப் அவ்வளவுதான். 1975-ல் கலிஃபோர்னியாவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தர மைதானத்தை வடிவமைத்தபோது வெறும் கம்பங்கள்தான் இலக்கு. சங்கிலி தொங்கும் கூடை பிறகுதான் வந்தது. அதனால் நம் ஊரில் கூடை கிடைக்கவில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம்.

இடம்

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். ஆனால் அது மாடு மேயும் காடு. "ஏனுங்கண்ணா, மாடு இல்லாத நேரமாப் பாத்து கொஞ்சம் வெளையாடிக்கிறமுங்க" என்று காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். போகும்போதும் வரும்போதும் படலைச் சாத்துங்கள். முள் இருக்கும், நல்ல ஷூ போடுங்கள்.

நாலு ஏக்கர் இருந்தால் நாலு இலக்கு தாராளமாக வைக்கலாம். ஆள் உயர மரக்கம்பை நட்டு, மேல்பாதியில் சிவப்புத் துணி சுற்றுங்கள். துணியில் தட்டு பட்டால் அந்த இலக்கு முடிந்தது. எறியும் இடத்துக்கும் கம்புக்கும் 50, 60 மீட்டர் போதும்.

தட்டு

தூர எறிக்கு டிரைவர், நடுத்தரத் தூரத்துக்கு மிட்ரேஞ்ச், இலக்கருகில் எறிய புட்டர் என்று மூன்று வகை உண்டு. டிரைவரை இப்போதைக்கு விடுங்கள், வேகமான கை இல்லாமல் அது பறக்காது. ஒரு மிட்ரேஞ்ச், ஒரு புட்டர், இரண்டும் 165 முதல் 175 கிராமுக்குள் வாங்குங்கள். ரோஸ் அல்லது ஆரஞ்சு நிறம் நல்லது. காய்ந்த புல்லில் மஞ்சள் தட்டைத் தேடியே பொழுது போய்விடும்.

எறிவது

வலக்கைக்காரருக்குச் சொல்கிறேன். கட்டைவிரல் தட்டின் மேலே, மற்ற நான்கும் விளிம்பின் அடியில். வலத்தோள் இலக்கைப் பார்க்க நின்று, தட்டை நெஞ்சோடு ஒட்டி இழுத்து விடுங்கள். முன்விளிம்பு மேலே தூக்கிவிடக் கூடாது. தூக்கினால் வெட்டவெளியில் காற்று அடியில் புகுந்து தட்டை மேலே கிளப்பி, தூரத்தைத் தின்றுவிடும்.

காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை அறியாதவர் இங்கே யாருமில்லை. ஆனி, ஆடியில் அதுதான் உங்கள் ஆட்டத்தை முடிவு செய்யும். எறியும் முன் தூரத்துக் காற்றாலையைப் பாருங்கள்: அதன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. உங்கள் உயரத்தில் எப்படி என்று அறிய, கொஞ்சம் காய்ந்த புல்லைக் கிள்ளிப் போடுங்கள்.

எதிர்காற்றில் தட்டு வலப்பக்கம் புரளும், மேலேயும் ஏறும். அதற்குத் தட்டைப் பார்த்து எடுக்க வேண்டும். பெரும்பாலான தட்டுகளில் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும்: வேகம், மிதப்பு, வலத்திரும்பல், கடைசி இடச்சாய்வு. எதிர்காற்றுக்கு மூன்றாவது எண் 0, நான்காவது 2 அல்லது 3 உள்ள தட்டு பிடித்து நிற்கும். அதைத் தாழ்வாக, நிதானமாக விடுங்கள். பலத்தைக் கூட்டினால் இன்னும் புரளும்.

பின்காற்றில் நேர்மாறு. தட்டு மிதக்காமல் சீக்கிரம் இறங்கி இடப்பக்கம் சாயும். அதனால் கொஞ்சம் உயர்த்தி எறியுங்கள். பக்கக்காற்றில் வலமிருந்து வருவது தட்டின் அடியில் பிடித்து இடப்பக்கம் வெகுதூரம் கொண்டுபோகும், இடமிருந்து வருவது கீழே அமுக்கும்.

கம்பருகில்

புட்டரை எடுங்கள். எதிர்காற்றென்றால் குறியைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், பின்காற்றென்றால் உயர்த்துங்கள். இலக்குக்கு 10 மீட்டருக்குள் நின்று எறிந்தால், எறிந்த வேகத்தில் முன்னே விழக் கூடாது. நிலையாக நின்றுவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

சில விதிகள்

இலக்கிலிருந்து தள்ளி இருப்பவரே முதலில் எறிவார். கிளுவை வேலியை எல்லையாக வைத்துக்கொண்டால், தட்டு அதைத் தாண்டினால் கணக்கில் ஓர் எறி கூடும். காணாமல் போன தட்டை மூன்று நிமிடம் தேடலாம். கிடைக்காவிட்டால் ஓர் எறி சேர்த்து, பழைய இடத்திலிருந்தே மறுபடி எறியுங்கள். வெள்வேலில் மாட்டிக்கொண்டால் தண்டனை இல்லை, அதற்கு நேர் கீழே நின்று எறியலாம். தட்டை இறக்கக் கல் விடாதீர்கள், முள்ளுக்குள் கையும் விடாதீர்கள். ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் காட்டுக்காரரிடம் தொரட்டி இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.